இரவல் மூக்கு

சனிக்கிழமைகளில் மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு எங்கள் வீட்டில் எதையும் தாளிக்கக் கூடாது. கருவாடு பொரிப்பதென்றால் வியாழக்கிழமையோடு முடித்துக்கொள்ள வேண்டும். ஊதுவத்தி காலையில் மட்டும். தலைக்கு வாசனை எண்ணெய் தேய்த்திருந்தால் நான் முன்னறைப் பக்கமே போகக் கூடாது. இரண்டு வருடத்துக்கு மேல் இந்தச் சட்டங்களுக்குள்தான் நான் குடித்தனம் நடத்தினேன். இப்போது யோசித்தால் வேறு யாரோ வாழ்ந்துவிட்டுப் போன வாழ்க்கை மாதிரி இருக்கிறது.

நுவரெலியாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. கீழே லீக்ஸ் பாத்திகள், அதற்குக் கீழே சைப்ரஸ் மரங்கள், அதற்கும் கீழே வாவி. மூன்று மணி வாக்கில் மூட்டம் இறங்கும். முதலில் வாவி காணாமல் போகும், பிறகு மரங்கள், பிறகு பாத்திகள். கடைசியில் அந்தக் கண்ணாடி அறை மட்டும் எதன் மேலும் நிற்காமல் மிஞ்சியிருக்கும். அதற்குள் மூன்று ஆண்கள் ஆளுக்கொரு குவளைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சமையலறை வாசலில் நின்று பார்க்கும்போது மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ போயிருப்பார்கள்.

மூவரில் ஒருவர் என் கணவர். வங்கியில் வேலை. இன்னொருவர் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்துரை. தோட்டத்து உதவி மேனேஜரை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பையன். தமிழை வேலைக்காட்டில், கொழுந்து எடுக்கும் பெண்களிடம் கற்றுக்கொண்டவன். அதனால் அவன் பேசினால் எங்கள் அத்தைமார் பேசுவது போலவே இருக்கும். மூன்றாமவர் ஹோட்டல்காரர். சட்டமெல்லாம் அவர் போட்டது. ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து, வாவிக்கு மேலே ஒரு பழைய பங்களாவை எடுத்து விடுதியாக நடத்தினார். பெரிய ஆலையில் வராமல், சின்ன இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுகிற பியர் இருக்கிறதே, கிராஃப்ட் பியர் என்கிறார்களே, அதைக் கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைப்பார். வெளிநாட்டு உறவினர்கள் வந்தால் அவர்கள் கையிலும் இரண்டு போத்தல் வரும்.

என் கணவர் முதன்முதலில் அவருடைய விடுதியில் ஒரு குவளை ருசி பார்த்துவிட்டு வந்த அன்று, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்கு வந்தார்.

"இந்தா, ஒரு பியருக்குள்ள தோடம்பழத் தோல் வாசம் இருக்குன்னா நீ நம்புவியா?"

நான் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டயகமவில் எங்கள் லயத்து வீட்டுக்கு அப்பா கள்ளுத் தவறணையிலிருந்து திரும்பும்போது, ஆள் வருவதற்கு முன்னால் அந்தப் புளித்த வாசம் வாசற்படி ஏறிவிடும். கல்யாணம் பேச வந்தபோது நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மாப்பிள்ளை குடிப்பாரா?

"குடிக்க மாட்டேன்னு சொல்லித்தானே கட்டுனீங்க?"

"இது குடி இல்லம்மா. இது ருசி."

"ரெண்டும் ஒரே போத்தல்லதானே வருது?"

அவர் சிரித்தார். ஆனால் அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு சின்னக் குவளைதான். அதையும் ஒரு மணி நேரம் கையிலேயே வைத்திருப்பார்கள். குவளையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவக் கூடாது. பியர் பச்சைத் தண்ணியாகக் குளிர்ந்திருக்கக் கூடாது, குளிர் வாசத்தைக் கொன்றுவிடுமாம். பைட் என்று கொறிக்க எதுவும் கிடையாது. மரவள்ளிப் பொரியலோ கடலையோ நான் கொண்டுபோய் வைத்தால் ஹோட்டல்காரர் கையை உயர்த்தி, "தங்கச்சி, நாக்கு சுத்தமா இருக்கணும்" என்பார். தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவேன். ஆளுக்கொரு குறிப்புப் புத்தகம் இருந்தது. வாசத்தைச் சொல்லும்போது மட்டும் மூவரும் இங்கிலீசுக்கு மாறிவிடுவார்கள். யாராவது எலுமிச்சை என்றால் ஹோட்டல்காரர் திருத்துவார். "எலுமிச்சை இல்ல. தோலுக்கும் சுளைக்கும் நடுவுல இருக்கிற அந்த வெள்ளை." மற்ற இருவரும் மறுபடி மூக்கை விட்டுப் பார்த்து, ஆமாம் என்று எழுதிக்கொள்வார்கள்.

ஒருநாள் நான் கேட்டேன், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று. என் கணவர் சொன்னார்: "பேங்க்ல எல்லாருக்கும் தெரியும், நான் எந்தத் தோட்டம், எங்கப்பா பெக்டரியில வாச்சரா இருந்தாருன்னு. அந்த ரூம்ல யாரும் அத கேக்கல. மூக்கு எப்படின்னு மட்டுந்தான் கேட்டாங்க."

அதற்குப் பிறகு நான் தாளிப்பைப் பற்றிச் சண்டை போடவில்லை.

ஆனால் என் அண்ணன் வந்துபோன அந்தச் சனிக்கிழமையை என்னால் அவ்வளவு சுலபமாக விட முடியவில்லை. அண்ணன் டயகமவில் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஒரு கையில் கரட், நோக்கோல் கட்டிய பை. இன்னொரு கையில் கடையில் வாங்கிய இரண்டு ஸ்ட்ரோங் பியர் டின். மாப்பிள்ளை பியர் குடிக்கப் பழகியிருக்கிறார் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆசையாக வாங்கி வந்திருந்தார்.

ஹோட்டல்காரர் அந்த டின்னைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தைப் படிப்பது போல இருந்தது.

"இது நல்லதுதான்," என்றார். "கோழி ஊறப் போடலாம்."

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. சின்னத்துரை எழுந்து அவருக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தான். அண்ணன் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மரியாதைக்காக, "நல்லா ஜில்லுன்னு இருக்குங்க" என்றார். அது ஜில்லென்று இருந்திருக்கவே முடியாது.

"ஜில்லுங்கிறது ருசி இல்ல தம்பி," என்றார் ஹோட்டல்காரர். குரலில் கோபமில்லை. பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "அது தெர்மாமீட்டர் பார்க்கிற வேலை."

என் கணவர் சிரித்தார். பெரிய சிரிப்பில்லை, மூக்கு வழியாக வந்த சின்னச் சிரிப்பு. அண்ணன் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். டயகம பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான் வாசல்வரை போனேன். மூட்டத்துக்குள் நாலு எட்டு வைத்ததுமே அவர் உருவம் கரைந்துவிட்டது. செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அன்று சாயங்காலம் என் கணவர் இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள் படுத்திருந்தார். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள், நான் துணி காயப் போட்டுவிட்டு உள்ளே வந்தால் வீடெல்லாம் புகை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, கருகிக்கொண்டிருந்தது. மூன்றடி தள்ளி அவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பால் எரியுது, தெரியலையா?"

அவர் தலையைத் தூக்கினார். அப்போதுதான் புகையைக் கண்ணால் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. எழுந்து போய் அலமாரியிலிருந்து கராம்பு போத்தலை எடுத்து மோந்தார். மிளகுத் தூளை மோந்தார். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமே வரல," என்றார். "நாலு நாளா இப்படித்தான். வந்துரும்னு நெனச்சேன்."

டாக்டர் கொஞ்ச காலத்தில் சரியாகலாம் என்றார். ஆகாமலும் போகலாம் என்று அவர் சொல்லாதது எங்கள் இருவருக்கும் கேட்டது. வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவங்ககிட்ட சொல்லிறாத."

சனிக்கிழமைக் கூட்டம் திரும்பவும் தொடங்கியது. முதல் வாரம் ஞாபகத்திலிருந்து சொல்லிச் சமாளித்தார். இரண்டாம் வாரம் ஹோட்டல்காரர் திறந்த போத்தல் கெட்டுப்போயிருந்தது. சமையலறையில் நின்ற எனக்கே அழுகிய முட்டை வாசம் வந்தது. சின்னத்துரை "ஐயையோ" என்று குவளையைத் தள்ளி வைத்தான். என் கணவர் மட்டும் ஆழமாக மோந்துவிட்டு, "ஒரு பூ வாசம்," என்றார். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பகிடி விடுகிறார் என்று நினைத்து. இவரும் சிரித்தார்.

அடுத்த போத்தல் ஊற்றியதும் தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே வந்தார். முகம் வெளிறியிருந்தது. கையில் குவளை.

"கொஞ்சம் மோந்து பாரேன்."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

நான் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு குவளையை வாங்கினேன். அப்பாவின் வாசத்துக்குத் தயாராகத்தான் குனிந்தேன். அது இல்லை. அங்கே வேறு ஏதோ இருந்தது. பாதி மறந்துபோன கனவு காலையில் திரும்பி வருவது போல, ஒன்றன் பின் ஒன்றாக வந்தது.

"மழ நின்ன ஒடனே யூக்கலிப்டஸ் பட்டைய உரிச்சா வருமே, அது. அப்பறம் பழுக்காத பேரிக்காய். கடைசியில... தெரியல, ஈரக் கோணி மாதிரி."

அவர் உதடுகளை அசைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தண்ணீரை மறந்துவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி அறையில் அவர் குரல் கேட்டது. பிறகு ஹோட்டல்காரர் குரல்.

"ஈரக் கோணி! அப்பா! இப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல. ஜெர்மன்காரன் நூறு வருஷம் குடிச்சாலும் இத சொல்ல மாட்டான். இது நம்ம மலை. இது நம்ம மண்ணு."

சின்னத்துரையின் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது போல இருந்தது.

அப்படித்தான் தொடங்கியது. ஏழு மாதம் நடந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தண்ணீருக்கும் துணிக்கும் தீப்பெட்டிக்கும் என்று உள்ளே வருவார். நான் மோந்து சொல்லுவேன். நான் சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்த வாசங்கள். நான் வேலை பார்க்கும் உப தபாலகத்தில் புதிதாக வரும் தபால் பையின் முரட்டுத் துணி. முத்திரைப் பசை. பெக்டரி மாடியில் பரப்பி ஒரு ராத்திரி வாடிய கொழுந்து. கம்பளிக்குள் நின்றுபோன மழை. அவர் அவற்றைத் தமிழிலேயே சொன்னார், வேறு வழியில்லாமல். அவர்களுக்கு அது பெரிய புதுமையாகிவிட்டது. காய்ச்சல் அவருடைய மூக்கைத் திறந்துவிட்டது என்று ஹோட்டல்காரர் சொல்லிக்கொண்டு திரிந்தார். தன் விடுதியில் பியர்களின் பெயர் அச்சடித்த அட்டையில், ஒரு போத்தலுக்குக் கீழே 'ஈரக் கோணி, யூக்கலிப்டஸ் பட்டை, பிஞ்சுப் பேரி' என்று மூன்று மொழியிலும் போட்டார்.

மோந்து சொன்னது போதாமல் ஒருநாள் ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். கசப்பு நாக்கின் அடியில் இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து இனிப்பாகத் திரும்பி வந்தது. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் அது. காலையில் தபாலகத்துக்கு நடக்கும்போது மூட்டத்துக்குள் கண் தெரியாது. ஆனால் பேக்கரி எங்கே, சவுக்கு மரம் எங்கே, லீக்ஸ் பிடுங்கிய பாத்தி எங்கே என்று மூக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரும். நாற்பத்திரண்டு வயதில் எனக்குப் புதிதாக ஒரு கண் முளைத்தது போல இருந்தது. வேலை நேரத்தில் முத்திரையைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே நான் எங்கேயோ இருப்பேன். வந்தவர்கள் இரண்டு தடவை கூப்பிடுவார்கள்.

அந்தக் கனவில் கொஞ்சம் திமிரும் வளர்ந்ததை நான் கவனிக்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தினமும் பத்து மணிக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து எனக்கும் ஊற்றுவார். வருடக்கணக்காகக் குடித்த தேத்தண்ணி. ஒருநாள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, இதுல பால் ரெண்டு தடவ காஞ்சிருக்கு. பிளாஸ்க்கும் சரியா கழுவல போல. பழைய தக்கை வாசம் வருது."

நான் அதைக் கண்டுபிடித்த பெருமையோடுதான் சொன்னேன். அக்கா கோப்பையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே ஊற்றினார். "காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு வைக்கிறேம்மா. அதான்," என்றார். அந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு முன்னறையில், காலிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என் அண்ணனிடம்.

அடுத்த நாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா," என்றார். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஊற்றும் முன் ஒரு வாய் தானே குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். இன்றுவரை அப்படித்தான்.

மன்னிப்புக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம், "இனிமே என்னால முடியாதுங்க," என்றேன்.

அவரும் ஒரு செய்தியோடு காத்திருந்தார். கொழும்பிலிருந்து அந்த ஈரக் கோணிப் பியரைக் காய்ச்சுகிறவரே வருகிறாராம். நுவரெலியாவில் அபூர்வமான மூக்கு ஒன்று இருக்கிறது என்று ஹோட்டல்காரர் சொல்லி, பார்க்க வருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, விடுதியில்.

"அங்க சமையலறைக்கு ஓடி வர முடியாதே," என்றேன்.

"நீயும் வா," என்றார். "பொம்பளைங்களும் வருவாங்க. நீ பக்கத்துல இருந்தா..." பாதியில் நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்தால் என்ன செய்யலாம் என்று அவருக்கும் தெரியவில்லை.

போனோம். பழைய பங்களாவின் முன் விறாந்தையில் பிரம்பு நாற்காலிகள். கீழே வாவியில் ஒரு படகு, மூட்டத்துக்குள் துடுப்புச் சத்தம் மட்டும். பியர் காய்ச்சுகிறவர் ஒரு பெண். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் கொதிநீர் பட்ட தழும்புகள். சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். எனக்கு எலுமிச்சைச் சாறு வந்தது. மற்றவர்களுக்குக் குவளைகள் வந்தன. ஹோட்டல்காரர் எழுந்து நின்று என் கணவரை அறிமுகப்படுத்தினார். அந்தப் பேச்சில் நம்ம மண் என்ற சொல் மூன்று தடவை வந்தது.

என் கணவர் குவளையைத் தூக்கினார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை மூடவில்லை. மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"எனக்கு வாசம் தெரியாது," என்றார். முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். "காய்ச்சல் வந்ததுல இருந்து, ஏழு மாசமா. நான் சொன்னது எல்லாம் இவ சொன்னது."

குவளையை என் பக்கம் தள்ளி வைத்தார்.

ஹோட்டல்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "தங்கச்சியா? தங்கச்சி பியர் குடிப்பாங்களா?"

"மோந்து பார்ப்பேன் அண்ணே," என்றேன். "கொஞ்சம் குடிக்கவும் செய்வேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்து, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார். நான் குவளையை எடுத்தேன். குனிந்ததும் சுற்றியிருந்தவர்கள் நினைப்பிலிருந்து மெல்ல விலகிப்போனார்கள். வாசங்கள் வழக்கம் போல ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. சிங்களத்தில் சொல்ல, முதல் சொல்லைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கோணிக்கு இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே பெயர்தான். "தெத கோனி," என்றேன். அதே ஈரக் கோணி.

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஹோட்டல்காரர் குறுக்கிட்டார்.

"தங்கச்சி, நீங்க மனசுல பட்டத சொல்றீங்க. ஆனா இது பழகிப் பழகி வர்ற விஷயம். ஈரக் கோணின்னா அது குறை. காய்ச்சுனவங்க முன்னால அப்படிச் சொல்லக் கூடாது."

மேசைமேல் அவருடைய அட்டை இருந்தது. என் கணவர் அதை எடுத்தார். நிதானமாக விரித்து, விரலை ஒரு வரியின் மேல் வைத்தார்.

"நான் சொன்னப்ப இத அச்சடிச்சீங்களே அண்ணே."

சின்னத்துரை எட்டிப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "ஆமா, அண்ணே. மூணு பாஷையிலயும் இருக்கு." பிறகு என்னிடம், வேலைக்காட்டுப் பெண்கள் சொல்லும் அதே ராகத்தில், "ஒங்க மூக்கு நல்ல மூக்கு அக்கா," என்றான்.

ஹோட்டல்காரர் முகம் சிவந்தது. அவரைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பன்னிரண்டு வருடம் வேற்று ஊரில் யார் யாரோ அவரை எப்படியெல்லாம் திருத்தியிருப்பார்கள் என்று அந்த நேரத்தில் எனக்கு ஏனோ தோன்றியது. அவர் உள்ளே போய் ஐஸ் வாளியோ என்னவோ எடுத்துவரச் சொல்லிச் சத்தம் போட்டார்.

அந்தப் பெண் தன் குவளையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வேறென்ன?" என்று கேட்டார். சொன்னேன். சில இடங்களில் ஆமாம் என்றார், ஒரு இடத்தில் இல்லை என்றார், ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் யோசித்தார். அரை மணி நேரம் இரண்டு பெண்கள் சமையல் பேசிக்கொள்வது போலப் பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவ்வளவுதான். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.

வாவி ஓரமாக நடந்தே வீட்டுக்கு வந்தோம். குதிரைகள் ஈரத்தோடு நின்றிருந்தன.

"மச்சான பாக்கப் போகணும்," என்றார் திடீரென்று. "அன்னைக்கு நான் சிரிச்சேன்."

"ஆமா," என்றேன். "சிரிச்சீங்க."

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு அவர் மட்டும் டயகம போய்வந்தார். என்ன பேசினார்கள் என்று இருவரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் அதோடு நின்றுபோனது. ஹோட்டல்காரர் வங்கிக்கு வந்தால் வேறு வரிசையில் நிற்கிறாராம். புது அட்டையில் ஈரக் கோணி இல்லை என்று சின்னத்துரை வந்து சொன்னான். அவன் இடம் மாறிப் போகும்வரை அவ்வப்போது வருவான், ஒரு போத்தலை மூவரும் பகிர்ந்துகொள்வோம். என் கணவருக்கு அது வெறும் கசப்புத் தண்ணீர். ஆனாலும் குடித்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்பார். நான் சில நாள் சொல்வேன். சில நாள் சும்மா "நல்லா இருக்கு" என்று விட்டுவிடுவேன். எல்லாவற்றுக்கும் சொல் தேடிக்கொண்டிருக்க அலுப்பாகவும் இருந்தது.

போன மாதம் கண்டியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். இறம்பொடை வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. நீர்வீழ்ச்சிப் பக்கம் மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏதோ வாசம் வருது."

நான் ஆழமாக இழுத்துப் பார்த்தேன். டீசல், ஈரம், முன் சீட்டுக்காரரின் சட்டை. அவ்வளவுதான்.

"என்ன வாசம்?"

"தெரியல. இருக்கு. நீ சொல்லேன், என்னது அது?"

"எனக்கு வரலையே," என்றேன். "நீங்களே சொல்லுங்க."

அவர் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினார். உதடுகள் மெல்ல அசைந்தன. ஒரு சொல்லை எடுத்துப் பார்த்து, இல்லை என்று தலையசைத்து, இன்னொன்றைத் தேடினார். பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. நான் அவசரப்படுத்தவில்லை.